தாஷ்கண்டின் சோவியத் காலத்தை நடந்து பார்க்க: ஒரு முழுமையான வழிகாட்டி

தாஷ்கண்ட் என்றதும் நம்மில் பலருக்குப் பள்ளிப் பாடப்புத்தகம்தான் நினைவுக்கு வரும். 1966 ஜனவரி 10 அன்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானும், சோவியத் பிரதமர் கோசிகின் நடுவராக நிற்க, ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் விடிவதற்குள் சாஸ்திரி அங்கேயே இறந்துபோனார். நம் பாடம் அத்தோடு முடிந்துவிடும்.

அந்த ஊருக்கு அந்த ஆண்டு முடியவில்லை. அடுத்த மூன்றாவது மாதம், ஏப்ரல் 26 அதிகாலை 5:23 மணிக்கு, நகரின் அடியிலேயே நிலம் குலுங்கியது. ரிக்டர் அளவில் ஐந்தை ஒட்டிய பூகம்பம்தான். ஆனால் மையம் நகருக்கு நேர் கீழே, மிகக் குறைந்த ஆழத்தில் இருந்ததால் மண் வீடுகள் பொலபொலவென்று சரிந்தன. 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். இன்று நாம் பார்க்கும் தாஷ்கண்டின் பெரும்பகுதி அந்தக் காலைக்குப் பிறகு கட்டியது.

இப்போது நம் ஊரிலிருந்து உஸ்பெகிஸ்தானுக்குக் குழுப்பயணம் போகிறவர்கள் நிறைய. சிம்கன் மலை, சார்வாக் ஏரி, சந்தை, இரவு விருந்து என்று மூன்று நாள் ஓடிவிடும். நகரம் பேருந்து ஜன்னலுக்கு வெளியே கடந்து போகும். அந்தப் பயணத்தில் இரண்டு நாளை ஒதுக்கி, நல்ல வழிகாட்டி ஒருவருடன் சோவியத் காலத் தாஷ்கண்டை எப்படிப் பார்ப்பது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. மாஸ்கோ, லெனின்கிராடு, கீவ் ஆகியவற்றுக்கு அடுத்து சோவியத் ஒன்றியத்தின் நான்காவது பெரிய நகரமாக இருந்த ஊர் இது. இரண்டு நாள் கொடுக்கலாம்.

முதல் படி: புறப்படும் முன் ஒரு மணி நேரம் படியுங்கள்

வழிகாட்டி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அடிப்படைக் காலவரிசை தெரியாமல் போனால் எல்லாக் கட்டடமும் ஒன்றுபோலவே தெரியும். இவ்வளவு தெரிந்தால் போதும்: 1865இல் ரஷ்யப் பேரரசு தாஷ்கண்டைப் பிடித்தது. 1917 புரட்சிக்குப் பிறகு சோவியத் ஆட்சி. 1924இல் உஸ்பெக் சோவியத் குடியரசு உருவானது; முதலில் சமர்கண்ட் தலைநகர், 1930 முதல் தாஷ்கண்ட். 1937-38இல் ஸ்டாலின் கால அடக்குமுறை. இரண்டாம் உலகப் போரில் ஆலைகளும் அனாதைக் குழந்தைகளும் ரயில் ரயிலாக இங்கே வந்து இறங்கினார்கள். 1966இல் பூகம்பம். 1991இல் விடுதலை.

தமிழர்களுக்குத் தனியாக ஒரு செய்தி. 1920 அக்டோபரில் எம்.என். ராய் உள்ளிட்ட சில இந்தியப் புரட்சியாளர்கள் தாஷ்கண்டில் கூடி இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கினார்கள். (அதைத்தான் கட்சியின் பிறப்பாகக் கொள்வதா, 1925 கான்பூர் மாநாட்டையா என்று சிபிஐ, சிபிஎம் ஆகிய இரு கட்சிகளுக்கும் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.) அந்தக் கூட்டத்தில் சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யாவும் இருந்தார். பாரதியாரின் ‘இந்தியா’ இதழோடு தொடர்புடைய அதே மண்டயம் ஆச்சார்யாதான். பிறகு ராயோடு முரண்பட்டு விலகி, அரசே வேண்டாம் என்னும் கொள்கைக்குப் போய்விட்டார். தாஷ்கண்ட் வழிகாட்டிகளில் பெரும்பாலானோருக்கு இவரைத் தெரியாது. நீங்கள் சொல்லுங்கள், ஆர்வமாகக் கேட்பார்கள்.

இரண்டாம் படி: வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது

இந்தப் பயணத்தில் பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது. குழுப்பயணத்தோடு வரும் வழிகாட்டி எல்லாவற்றையும் பொதுவாகச் சொல்பவர். அவரிடம் இதை எதிர்பார்க்க முடியாது. கட்டடக் கலையையோ நகர வரலாற்றையோ மட்டுமே எடுத்துக்கொண்டு மூன்று, நான்கு மணி நேர நடைப்பயணம் அழைத்துச் செல்பவர்கள் தாஷ்கண்டில் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரைத் தேடுங்கள். பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளை எழுதி அனுப்புங்கள்:

- மெட்ரோவில் எத்தனை நிலையங்களில் இறங்கிப் பார்ப்போம்?
- குடியிருப்பு வளாகம் ஒன்றின் உள்முற்றத்துக்குள் போவோமா, சாலையிலிருந்தே காட்டுவீர்களா?
- 1937-38இல் கொல்லப்பட்டவர்களின் நினைவிடம் திட்டத்தில் உண்டா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். சிலர் சோவியத் காலத்தைப் பழைய இனிய நினைவாக மட்டும் சொல்வார்கள்: இலவசப் படிப்பு, வேலை, வீடு. வேறு சிலர் அதை வெறும் இருண்ட காலமாக முடித்துவிடுவார்கள். ஒரே அரசு ஒரு கையால் கட்டியது, மறு கையால் கொன்றது. இரண்டையும் ஒரே நாளில் சொல்லக்கூடியவர் கிடைத்தால் கட்டணம் கொஞ்சம் கூடினாலும் விடாதீர்கள்.

வயதையும் யோசியுங்கள். ஐம்பதைத் தாண்டியவர் என்றால் பள்ளியில் சோவியத் மாணவர் அமைப்பின் சிவப்புக் கழுத்துத் துணி கட்டிய கதை அவரிடமே இருக்கும். இளைஞர்கள் ஆவணங்களையும் கட்டடக் கலையையும் நன்கு படித்திருப்பார்கள். நான் போனபோது கிடைத்தவர் அறுபதை நெருங்கிய பெண்மணி. பூகம்பத்துக்குப் பிறகு தன் அம்மா பல மாதம் கூடாரத்தில் சமைத்ததை அவர் சொன்ன பிறகு, எனக்கு அந்த ஊரின் ஒவ்வொரு அடுக்குமாடியும் வேறாகத் தெரிந்தது.

மூத்த பெண்களை அங்கே ‘ஓபா’ என்றும் மூத்த ஆண்களை ‘அகா’ என்றும் அழைப்பார்கள். நம் காதுக்கு ‘அகா’ அக்காபோல ஒலிக்கும். அங்கே அது அண்ணன். பெயரோடு சேர்த்துச் சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

மூன்றாம் படி: காலம், ஏற்பாடு

ஏப்ரல்-மே அல்லது செப்டம்பர்-அக்டோபர். ஜூலையில் வெயில் 40 பாகையைத் தாண்டும், நடைப்பயணம் தண்டனையாகிவிடும். டெல்லியிலிருந்து நேரடி விமானத்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். விசாவை இணையத்திலேயே எடுக்கலாம். விதிகள் மாறக்கூடியவை என்பதால் அரசுத் தளத்தைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். நல்ல நடைச்செருப்பு கட்டாயம்.

நான்காம் படி: முதல் நாள், நகரின் நடுப்பகுதி

காலையில் நேராக ‘தீரம்’ (துணிவு) நினைவுச்சின்னத்துக்குப் போங்கள். பூகம்பத்தின் பத்தாம் ஆண்டில், 1976இல் திறந்தது. கருங்கல் கனசதுரம் ஒன்று நடுவில் பிளந்து கிடக்கும். ஒரு பக்கத்தில் தேதி, மறு பக்கத்தில் 5:23இல் நின்றுபோன கடிகாரம். அங்கிருந்து தரையில் ஒரு விரிசல் ஓடும். அது போய் நிற்கும் இடத்தில் ஒரு வெண்கல ஆண், குழந்தையை ஏந்திய பெண்ணுக்கு முன்னால் கையை நீட்டித் தடுத்தபடி நிற்கிறான். சுற்றிலும் உள்ள புடைப்புச் சிற்பங்களில், மீண்டும் கட்ட வந்தவர்கள். எல்லா சோவியத் குடியரசுகளிலிருந்தும் கட்டுமானக் குழுக்கள் ரயிலேறி வந்து ஆளுக்கொரு பகுதியைக் கட்டின. மணக்கோலத்தில் ஜோடிகள் இங்கே வந்து படம் எடுத்துக்கொள்வதைப் பார்ப்பீர்கள்.

அடுத்து அமீர் தைமூர் சதுக்கம். இங்கேதான் வழிகாட்டியிடம் ஒரு பழக்கத்தை ஆரம்பிக்க வேண்டும்: எந்த இடத்தில் நின்றாலும் ‘இதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது, அப்போது இதற்கு என்ன பெயர்?’ என்று கேளுங்கள். இந்தச் சதுக்கத்துக்கான பதில் நீளமானது. 1913இல் ரஷ்யப் பேரரசின் துருக்கிஸ்தான் ஆளுநர் கவுஃப்மனின் சிலை வைத்தார்கள். புரட்சிக்குப் பின் அது போனது. சில காலம் ஸ்டாலின் நின்றார். 1968இல் கார்ல் மார்க்ஸின் தலை வந்தது. 1993 முதல் குதிரை மேல் தைமூர். பீடம் இருக்கிறது, ஆள்தான் மாறிக்கொண்டே இருக்கிறார். சதுக்கத்தின் பெரிய சினார் மரங்களை 2009இன் கடைசியில் வெட்டிவிட்டார்கள். சிலைகள் மாறியதைச் சொல்லும்போது அமைதியாக இருந்த என் வழிகாட்டிக்கு மரங்களைச் சொல்லும்போது குரல் கம்மியது.

சதுக்கத்தின் ஓரத்தில் உஸ்பெகிஸ்தான் ஹோட்டல், 1974. விரித்து வைத்த புத்தகம்போல வளைந்த 17 மாடிக் கட்டடம். முகப்பு முழுக்கக் கான்கிரீட் பின்னல். இந்தப் பின்னலை உஸ்பெக்கில் ‘பஞ்சரா’ என்பார்கள்; பழைய வீடுகளின் மரச் சாளரத்தில் வெயிலைத் தடுக்கச் செய்த வேலை. தாஷ்கண்டின் சோவியத் கட்டடங்கள் மாஸ்கோவின் நகல் அல்ல என்பதற்கு இந்தப் பின்னலே சாட்சி. கான்கிரீட்டைக் கொண்டுவந்தது மாஸ்கோ. வெயிலும் நிழலும் இந்த ஊருடையவை. இதைப் பார்க்கக் கண் பழகிவிட்டால் பிறகு நகரம் முழுக்க விதவிதமான பின்னல்கள் தெரியத் தொடங்கும். லெனின் நூற்றாண்டுக்காக 1970இல் திறந்த லெனின் அருங்காட்சியகத்தை மறக்காமல் பாருங்கள். இன்று அது உஸ்பெகிஸ்தான் வரலாற்று அருங்காட்சியகம். உள்ளே போக நேரமில்லை என்றாலும் வெளியே நின்று அந்த வெண்பளிங்குப் பின்னலில் நிழல் நகர்வதைப் பத்து நிமிடம் பாருங்கள்.

அருகிலேயே நவாயி நாடக அரங்கம். வடிவமைத்தவர் அலெக்சி ஷூசெவ், மாஸ்கோவில் லெனினின் சமாதியைக் கட்டியவர். 1947இல் திறந்தது. உள்ளே ஆறு கூடங்கள். தாஷ்கண்ட், சமர்கண்ட், புகாரா, கொரேசம், ஃபெர்கானா, டெர்மெஸ் என்று ஒவ்வொன்றும் ஒரு வட்டாரத்தின் வேலைப்பாட்டில். கட்டுமானத்தில் ஜப்பானியப் போர்க் கைதிகள் உழைத்தார்கள். பக்கச் சுவரில் அதைச் சொல்லும் பலகை இருக்கிறது, ஜப்பானிய மொழியிலும். 1966 பூகம்பத்தில் இந்த அரங்கம் அசையாமல் நின்றது. ஊர் திரும்பாமல் இறந்த கைதிகளின் கல்லறைகள் யக்கசராய் பகுதியில் உள்ளன. மாலையில் ஓபராவோ பாலேயோ இருந்தால் சீட்டு வாங்கிவிடுங்கள். ஆறு கூடங்களையும் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

அங்கிருந்து முஸ்தகில்லிக் மைதானி, அதாவது விடுதலைச் சதுக்கம். சோவியத் காலத்தில் லெனின் சதுக்கம். 1974இல் வைத்த மாபெரும் லெனின் சிலையை 1992இல் இறக்கிவிட்டு, உஸ்பெகிஸ்தான் வரைபடம் மட்டும் பொறித்த ஓர் உருண்டையை வைத்தார்கள். அருகே அழும் தாயின் சிலையும் அணையா விளக்கும் உண்டு. பக்கவாட்டு மண்டபங்களில் போரில் இறந்த உஸ்பெக் வீரர்களின் பெயர்கள் உலோக ஏடுகளில் வரிசையாக இருக்கும். ஏட்டைப் புரட்டலாம். நம் கண்ணுக்கு வெறும் எழுத்து. யாரோ ஒரு முதியவர் வந்து ஒரு பெயரை விரலால் தேடுவதைப் பார்க்கும்போதுதான் அதன் கனம் தெரியும்.

ஐந்தாம் படி: மெட்ரோ

முதல் நாள் பிற்பகலை முழுதாக இதற்குக் கொடுங்கள். மத்திய ஆசியாவின் முதல் மெட்ரோ, 1977 நவம்பர் 6 அன்று ஒன்பது நிலையங்களோடு திறந்தது. பூகம்பத்தைத் தாங்கும்படியும் போர் வந்தால் பதுங்கும் இடமாகும்படியும் கட்டியது. அதனால் 2018 வரை உள்ளே படம் எடுக்கத் தடை இருந்தது. இப்போது தாராளமாக எடுக்கலாம். காவலர்களையும் சக பயணிகளையும் மட்டும் கேட்காமல் எடுக்காதீர்கள்.

வரிசை இப்படி. அமீர் தைமூர் நிலையத்தில் ஏறுங்கள். அடுத்தது முஸ்தகில்லிக், பழைய பெயர் லெனின் சதுக்கம். பளிங்குத் தூண்களும் சரவிளக்குகளும் கொண்ட அரண்மனை அது. அடுத்தது பக்தகோர். பெயரின் பொருள் பருத்தி விவசாயி. சுவரெங்கும் பருத்தி பூத்த மொசைக். அழகாக இருக்கிறது, ஆனால் இங்கே நின்று வழிகாட்டியிடம் பருத்தியைப் பற்றிக் கேட்க வேண்டும். மாஸ்கோ கேட்ட பருத்திக்காக ஆமு, சிர் இரண்டு ஆறுகளின் நீரையும் வயலுக்குத் திருப்பி, ஆரல் கடல் வற்றிப்போனது. மாணவர்கள் வகுப்பை விட்டுவிட்டு இலையுதிர்காலம் முழுக்கப் பருத்தி எடுத்தார்கள். 1959 முதல் 1983 வரை குடியரசை ஆண்ட ஷரோஃப் ரஷிதோவின் காலத்தில், விளையாத பருத்தியை விளைந்ததாகக் கணக்கெழுதியது பிறகு பெரிய ஊழல் வழக்காக வெடித்தது. நீங்கள் காலையில் பார்த்த தீர நினைவுச்சின்னம் இருக்கும் சாலைக்கு இன்று அவர் பெயர்தான். ஏன் என்று கேளுங்கள். பதில் ஆளுக்கு ஆள் மாறும். நான் கேட்டவர் பூகம்பத்துக்குப் பின் ஊரைக் கட்டியவர் அவர்தானே என்றார்.

பக்தகோரிலேயே வழித்தடம் மாறி அலிஷேர் நவாயி நிலையத்துக்கு நடந்துவிடலாம். மசூதியின் உட்கூரைபோல வரிசை வரிசையாகக் குவிமாடங்கள். சுவரில் பதினைந்தாம் நூற்றாண்டுக் கவிஞர் நவாயியின் காவியக் காட்சிகள். மத நம்பிக்கையை ஒடுக்கிய ஓர் அரசு, 1984இல் தரைக்குக் கீழே இப்படி ஒரு கூரையை அனுமதித்திருக்கிறது.

அங்கிருந்து இரண்டாவது நிறுத்தம் கோஸ்மோனாவ்த்லார், விண்வெளி வீரர்கள் நிலையம். இதுவும் 1984. கீழே கருநீலம், மேலே போகப் போக வெளிறும் சுவர். கூரையில் பால்வழி மண்டலம். வட்ட வட்டப் பீங்கான் ஓவியங்களில் ககாரின், வாலண்டினா தெரஷ்கோவா. அவர்களோடு சமர்கண்டில் வானாய்வகம் கட்டிய பதினைந்தாம் நூற்றாண்டு அரசர் உலுக்பெக்கும் இருக்கிறார். இரண்டு ரயில்களை விட்டுவிட்டு உட்கார்ந்து பாருங்கள்.

ஆறாம் படி: இரண்டாம் நாள், மக்கள் வாழும் இடங்கள்

காலையில் மெட்ரோவில் ஹல்க்லார் தோஸ்த்லிகி நிலையம். பெயருக்குள் நமக்குத் தெரிந்த ‘தோஸ்த்’ இருக்கிறது: மக்கள் நட்பு. மேலே அதே பெயரில் 1981இல் கட்டிய பெரிய அரங்கம். அதன் முன்னால் கொல்லர் ஷாஅகமது ஷமகமூதோவ், அவர் மனைவி பக்ரி, பிள்ளைகள் சேர்ந்த சிற்பத் தொகுதி. போரில் பெற்றோரை இழந்து ரயிலில் வந்த குழந்தைகளில் 15 பேரைத் தத்தெடுத்து வளர்த்த தம்பதியர். 2008இல் இந்தச் சிலையை ஊருக்கு வெளியே நகர்த்தி, அரங்கத்தின் பெயரையும் மாற்றினார்கள். மக்கள் அதை மறக்கவில்லை. 2018இல் சிலையும் திரும்பியது, பெயரும் திரும்பியது. லெனினைத் திரும்பக் கேட்காத ஊர் இந்தக் கொல்லரை மீட்டுக்கொண்டது.

அடுத்து சிலான்சார். சுற்றுலாப் படங்களில் வராத பகுதி. நான்கு, ஐந்து மாடிக் கான்கிரீட் பலகைக் கட்டடங்கள், எண்ணிட்ட வளாகங்கள், ஒவ்வொன்றுக்கும் பள்ளி, மழலையர் பள்ளி, கடை. பக்கச் சுவர்களில் ஜார்ஸ்கி சகோதரர்கள் வடிவமைத்த மொசைக்குகள் மாடி உயரத்துக்கு நிற்கும். சூரியன், பருத்தி, உஸ்பெக் கோலங்கள். பூசிப் புதுப்பிக்கும்போது சில அழிந்துபோகின்றன என்பதால் நிதானமாகப் பாருங்கள். உள்முற்றத்துக்குள் போனால் திராட்சைக் கொடி, துணிக் கொடி, மர மேடையில் தேநீர் குடிக்கும் முதியவர்கள். மஹல்லா என்னும் பழைய தெருவாழ்க்கையை மக்கள் இந்தக் கான்கிரீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். கட்டடக் கலைஞர் ஒஃபேலியா அய்தினோவா அதையே ஒரு திட்டமாக்கி, சில மாடிகளுக்கு ஒன்றாகப் பொதுமுற்றம் வைத்துக் கட்டிய 16 மாடி ‘ஜெம்சுக்’ கட்டடமும் நகரில் உண்டு, வழிகாட்டியிடம் கேளுங்கள். இங்கெல்லாம் மக்கள் குடியிருக்கிறார்கள். சத்தம் வேண்டாம், ஜன்னல்களைப் படமெடுக்க வேண்டாம். யாராவது தேநீருக்குக் கூப்பிட்டால் மறுக்க வேண்டாம்.

மதியம் சோர்சு சந்தை. நீலக் குவிமாடம் 1980இல் எழுந்தது. அந்த இடத்தில் சந்தை அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. தாஷ்கண்ட் சந்தைகளில் காரமான கேரட் சாலட் விற்கும் கொரியப் பெண்களைப் பார்ப்பீர்கள். 1937இல் ஸ்டாலின் தூரக்கிழக்கிலிருந்து 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொரியர்களை நாடுகடத்தி மத்திய ஆசியாவில் இறக்கினார். கிடைத்த கேரட்டில் கிம்ச்சி போட்டார்கள். அந்தச் சாலட் இன்று எல்லா உஸ்பெக் வீட்டிலும் இருக்கிறது. சைவர்கள் பூசணிச் சம்சா கேட்டு வாங்குங்கள். பிலாவ் சாப்பிட நினைத்தால் மதியத்துக்குள் போய்விட வேண்டும். பிறகு அண்டா காலி.

ஏழாம் படி: கோபுரமும் நினைவிடமும்

இதைக் கடைசியில் வையுங்கள், நேரத்தை வெட்டாதீர்கள். போதோம்சோர் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் 375 மீட்டர் தொலைக்காட்சிக் கோபுரம், 1985. மேலேறிப் பார்த்தால் நீங்கள் இரண்டு நாள் நடந்த ஊர் முழுவதும் கீழே விரியும்.

இறங்கி எதிர்ப்பக்கம் நடந்தால், போஸ்சூ வாய்க்கால் கரையில் ஷஹீத்லார் ஹோதிரசி, தியாகிகள் நினைவிடம். அடக்குமுறைக் காலத்தில் சுடப்பட்டவர்களைப் புதைத்த இடம் இது. நீலக் குவிமாட மண்டபமும், 2002இல் திறந்த அருங்காட்சியகமும் உண்டு. திறந்திருக்கும் நாளை வழிகாட்டியிடம் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். உஸ்பெக் மொழியின் முதல் நாவலை எழுதிய அப்துல்லா காதிரி, கவிஞர் சோல்பான், அறிஞர் ஃபித்ரத் மூவரும் 1938 அக்டோபர் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு மொழி தன் நவீன இலக்கியத்தின் மூன்று தூண்களை ஒரே நாளில் இழந்தது. நம் மொழியில் அப்படி ஒரு நாளை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இங்கே வழிகாட்டியிடம் விளக்கம் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள். பலரது குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருந்திருக்கிறார்.

நேரம் மிஞ்சினால்

பர்கெண்டில், நகரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவில், 1987இல் முடித்த சூரிய உலை இருக்கிறது. மலைச்சரிவில் 62 பெரிய கண்ணாடி வரிசைகள் வெயிலைத் திருப்பி 54 மீட்டர் உயரக் குழியாடியில் குவிக்க, வெப்பம் 3000 பாகை வரை ஏறும். இந்த அளவில் இன்னொன்று பிரான்ஸில் மட்டுமே உண்டு. முன்கூட்டியே அனுமதி வேண்டும், வழிகாட்டி ஏற்பாடு செய்வார்.

வார இறுதி என்றால் யாங்கியாபாத் பழைய பொருள் சந்தை. பதக்கங்கள், கேமராக்கள், சட்டைப் பொத்தான்கள். நீலமும் தங்கமும் கலந்த பருத்திப்பூ கோலம் போட்ட தேநீர்க் குவளைகளைத் தேடுங்கள். சோவியத் காலத்து வீடுகள் எல்லாவற்றிலும் இருந்தவை. மிகப் பழைய பொருட்களை நாட்டைவிட்டு எடுத்துச் செல்லக் கட்டுப்பாடு உண்டு, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நாள் காலையில் அரைமணி நேரம் இருந்தால் சாஸ்திரியின் பெயர் கொண்ட தெருவுக்குப் போங்கள். அங்கே அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது. இந்த ஊரில் எத்தனையோ பெயர்ப் பலகைகள் மாறிவிட்டன, அவருடையது அப்படியே இருக்கிறது. பூ வாங்கிக்கொண்டு போனால் வைத்துவிட்டு வரலாம். அந்த ஊர் வழக்கப்படி நினைவிடங்களுக்கு இரட்டைப்படை எண்ணிக்கையில் பூ வைப்பார்கள்.